பச்சைக் கோட்டுக்கும் எனக்கும் நடுவே

எங்கள் வீட்டு கராஜில், புல் வெட்டும் மிஷினுக்குப் பின்னால், ஆளுயரத்துக்கு ஒரு பிரவுன் பேப்பர் சுருள் சாய்ந்து நிற்கிறது. விரித்துப் பார்த்தால் பச்சை க்ரேயானால் வரைந்த ஒரு மனிதனின் வெளிக்கோடு. கைகள் சற்று விலகி, கால்கள் சற்று அகன்று, மல்லாந்து கிடக்கும் கோலம். முதல் தடவை பார்க்கிறவர்கள் இது ஏதோ போலீஸ் விவகாரமோ என்று ஒரு நொடி தயங்குவார்கள். பிளாக்ஹவுஸ் பே அப்படிப்பட்ட பேட்டை அல்ல. எங்கள் தெருவில் கடைசியாகக் காணாமல் போனது அடுத்த வீட்டுப் பூனை. அதுவும் எங்கள் வீட்டுப் பின்பக்கத்தில் தயிர்சாதம் தின்றுகொண்டிருந்தபோது மீட்கப்பட்டது. கோட்டுக்குள் கிடந்தவன் நான்தான். ஆனால் அந்தக் கோடு என்னைவிட எல்லாப் பக்கமும் ஒரு கையகலம் பெரியது. தோள்கள் பயில்வானுடையவை. தலை பூசணிக்காய். வரைந்தவருக்குக் கண்ணில் கோளாறு ஒன்றுமில்லை. நீளமான பஸ்ஸை ஆக்லாந்தின் குறுகலான வளைவுகளில் ஒரு கீறல் விழாமல் திருப்புவதைத் தொழிலாகக் கொண்டவர். அப்படி வரைந்ததற்குக் காரணம் வேறு. அதைச் சொல்லப் புகுந்தால் என் மானம் கொஞ்சம் போகும். போகட்டும். அதில் பெரும்பகுதி ஏற்கெனவே ஹார்பர் பிரிட்ஜில் போய்விட்டது.

நகரத்தையும் வடகரையையும் இணைக்கும் அந்தப் பாலத்தை நானும் பல வருஷம் மற்றவர்களைப்போலத்தான் கடந்துகொண்டிருந்தேன். அதாவது பாலம் என்ற நினைப்பே இல்லாமல், ரேடியோவைத் திட்டிக்கொண்டு. ஒரு நாள் மதியம், ஏற்றத்தின் பாதியில், காரணம் எதுவுமின்றிக் கைகள் மரத்துப்போயின. நெஞ்சின்மேல் யாரோ அம்மியை இறக்கி வைத்தார்கள். முன்னால் போன லாரி போய்க்கொண்டே இருந்தது, பாலம் வளர்ந்துகொண்டே இருந்தது. அந்தப் பாலத்தின் வெளிப்பக்க லேன்கள் ஆதியில் கிடையாது, பின்னாளில் இரண்டு பக்கமும் ஒட்டவைத்தவை என்று எங்கோ படித்திருந்தேன். கண்டதையும் படிப்பவனுக்கு இதுதான் தண்டனை: தேவைப்படும்போது தேவைப்படும் அறிவு வராது, இந்த மாதிரி ஒன்று வரும். நான் அப்போது வெளிப்பக்க லேனில் இருந்தேன். எப்படியோ மறுகரை சேர்ந்தேன். ஆஸ்பத்திரியில் நெஞ்சில் ஒயர்களை ஒட்டினார்கள், ரத்தம் எடுத்தார்கள். "உங்கள் இதயம் பிரமாதமாக இருக்கிறது" என்று ஓர் இளம் டாக்டர் பரீட்சையில் பாஸானவனைப்போல என்னைப் பாராட்டி அனுப்பினார். என் மனைவிக்கு அது போதவில்லை.

"அப்போ என்னதான் ஆச்சு உங்களுக்கு?"

"கேஸ்" என்றேன்.

அன்றிலிருந்து நான் பாலத்துக்குப் போகவில்லை. வடகரைக்குப் போகவேண்டி வந்தால் மேற்கே சுற்றிக்கொண்டு போவேன். அந்த வழியில் ட்ராஃபிக் குறைவு என்று எல்லாரிடமும் சொன்னேன். சொல்லிச் சொல்லி ஒரு நண்பர் அதை நம்பி, தினமும் அப்படிப் போய், தினமும் லேட்டாக ஆபீஸ் சேர்ந்தார். இந்த ஏற்பாட்டில் நான் சுகமாகவே காலம் தள்ளியிருப்பேன். ஆனால் வடகரையில், கிளென்ஃபீல்டில் இருந்த என் மகள் கர்ப்பமானாள். அவளுக்குச் சில சிக்கல்கள் இருந்ததால் பிரசவம் பாலத்துக்கு இந்தப் பக்கம், நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில்தான் என்று டாக்டர்கள் முடிவு செய்தார்கள். மாப்பிள்ளைக்கு வாரத்தில் பாதி நாள் வெலிங்டனில் வேலை. என் மனைவி கார் ஓட்டுவதில்லை. ஓட்டுபவருக்கு ஆலோசனை சொல்வதோடு சரி. கடைசி மாதம் நாங்கள் இரண்டு பேரும் மகள் வீட்டிலேயே போய் இருப்பது, நேரம் வந்ததும் நான் அழைத்துப் போவது என்று சாப்பாட்டு மேசையில் தீர்மானமானது. "அப்பா, யூ ஆர் மை டிரைவர், ஓகே?" என்றாள் மகள். "பின்னே?" என்றேன். பின்னே என்ற சொல்லை அவ்வளவு கம்பீரமாக நான் அதற்கு முன் சொன்னதில்லை. மேற்கே சுற்றிப் போகப் பிரசவ வலி காத்திருக்காது. ஆம்புலன்ஸ் இருக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன், வீட்டுக்கு வந்து, மனைவியிடம் மட்டும், மெதுவாக. அவள் காய் நறுக்குவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். அன்றுதான் அவளுக்கு உண்மையைச் சொன்னேன். அவள் திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

எங்கள் குடும்ப டாக்டர் என்னை ஒரு குழுவுக்கு அனுப்பினார். ஹில்ஸ்பரோவில் ஒரு சமூகக் கூடத்தில், சனிக்கிழமை காலைகளில், தமிழ் பேசுகிறவர்களுக்காக நடந்த குழு அது. தெரபி என்று போட்டால் நம்மவர் ஒருவரும் வரமாட்டார்கள் என்று தெரிந்து 'நலவாழ்வுக் கூடல்' என்று பெயர் வைத்திருந்தார்கள். அப்படியும் எனக்குக் கூச்சம். போகிற வழியில் யாராவது தெரிந்தவர் பார்த்துவிட்டால் என்ன சொல்வது என்று யோசித்து, ஒரு பேட்மின்டன் மட்டையைத் தோளில் மாட்டிக்கொண்டு போனேன். கூடத்தின் வாசலில் செருப்புகளைக் கழற்றி வைத்த இடத்தில், சுவரோரமாக, ஏற்கெனவே மூன்று மட்டைகள் சாத்தியிருந்தன. அத்தனை வாரங்களில் அங்கே ஒருவரும் ஒரு இறகுப்பந்தைக்கூட அடித்ததில்லை.

மட்டை இல்லாமல் வந்தவர் ஒருவர் மட்டும். அதிகாலை ஷிஃப்ட் முடித்த கையோடு, பஸ் கம்பெனியின் ஒளிரும் மஞ்சள் சட்டையோடு வந்து, அதே சட்டையோடு நாற்காலியில் உட்கார்ந்து, "ஓம், நான் பைத்தியத்துக்குத்தான் வந்தனான். நீங்கள் எல்லாரும் விளையாட வந்தனீங்களோ?" என்று கேட்டவர். அவரை எல்லாரும் பஸ் அக்கா என்றார்கள். நானும் அக்கா என்றேன். அவர் என்னை அண்ணை என்றார். எங்கள் இருவரில் யார் மூத்தவர் என்பது கடைசிவரை தீர்க்கப்படவில்லை. இரண்டு பேருமே விட்டுக்கொடுக்கவில்லை; ஐம்பதைத் தாண்டிய இருவர் தங்கள் இளமையைக் காப்பாற்றிக்கொள்ள அதைவிட மரியாதையான வழி தமிழில் இல்லை.

குழுவை நடத்தியவர் மலேசியாவிலிருந்து வந்த ஒரு பெண். என் மகளைவிடச் சில வயது மூத்தவராக இருப்பார். தான் டாக்டர் இல்லை, தெரபிஸ்ட் என்று அவர் ஒவ்வொரு வாரமும் விளக்கினார். நாங்கள் ஒவ்வொரு வாரமும் டாக்டரம்மா என்று அழைத்தோம். அவருடைய முறையில் பேச்சு குறைவு. மனசில் என்ன இருக்கிறது என்று கேட்கமாட்டார். உடம்பில் எங்கே இருக்கிறது என்று கேட்பார். முதல் நாள் வட்டமாக உட்காரவைத்து, "கஷ்டமான ஒரு விஷயத்த நெனச்சுக்குங்க. ஒடம்புல எங்க தெரியுதுன்னு மட்டும் சொல்லுங்க" என்றார். முதலாமவர் வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு, கேஸ் மாதிரி இருக்கிறது என்றார். அடுத்தவருக்கு நெஞ்சில், அதுவும் கேஸ்தான். மூன்றாமவருக்கு முதுகில் பிடிப்பு, வாயு. ஒரு அம்மாள் தனக்குத் தலையில் ஏறிய கேஸ் என்றார். வட்டம் என்னிடம் வந்தபோது, நான் வித்தியாசமானவன் என்று காட்டிக்கொள்ளும் ஆசையில் சற்று யோசித்து, "அசிடிட்டி" என்றேன். டாக்டரம்மா எங்களைப் பொறுமையாகப் பார்த்தார். "இந்த ரூம்ல இருக்கற கேஸ்ல ஆக்லாந்துக்கே சோறு ஆக்கலாம் லா" என்றார். முதல் முறையாக எல்லாரும் சிரித்தோம். சிரிப்பு எங்கே தெரிந்தது என்று உடனே கேட்டுவிட்டார். அதே வயிற்றில்தான்.

பிறகு வந்த வாரங்களில் நாங்கள் செய்ததை எல்லாம் வெளியே சொன்னால் மட்டை எடுத்துப் போனது எவ்வளவு நியாயம் என்று விளங்கும். பாதங்களைத் தரையில் தட்டினோம். சுவரை இரண்டு கைகளாலும், அது நகர்ந்துவிடும் என்பதுபோலத் தள்ளினோம். வாயை மூடிக்கொண்டு, வண்டு மாதிரி ம்ம்ம் என்று நெஞ்செலும்பு அதிரும்வரை முனகினோம். பயம் எப்படி இருக்கும் என்று பேசாமல் நின்று காட்டினோம். நான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நின்றபோது ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, சூடான குக்கரைத் தூக்கிக்கொண்டு இறக்க இடம் தெரியாமல் நிற்கிறீர்கள் என்றார். அதைவிடச் சரியாக யாரும் என் நோயைச் சொன்னதில்லை. இதெல்லாம் எனக்குக் கேலியாகத்தான் இருந்தது. ஆனால் சனிக்கிழமை மதியங்களில் வீட்டுக்கு வந்ததும் பசித்தது; பல மாதங்களாக நான் சாப்பிட்டிருக்கிறேன், பசித்ததில்லை.

உடம்பை வரையும் நாள் வந்தது. ஆளுக்கொரு நீளப் பேப்பர். ஒருவர் அதில் மல்லாந்து படுக்கவேண்டும், மற்றவர் சுற்றிக் கோடு போடவேண்டும், பிறகு அவரவர் தம் உருவத்துக்குள் வண்ணம் தீட்டவேண்டும். எளிய காரியம். டாக்டரம்மா எங்கோ படித்த பயிற்சிகளில் இந்த ஒரு சிக்கலைப்பற்றி எழுதியிருக்கமாட்டார்கள். அந்தக் கூடம் வடக்குத் தெற்காக நீண்டது. பேப்பர்களையும் அவர் அப்படியே விரித்திருந்தார். தலையில் கேஸ் ஏறிய அம்மாள், "வடக்க தலை வச்சு நான் படுக்கமாட்டேன்" என்று அறிவித்தார். அப்படியானால் தெற்கே வையுங்கள் என்றார் டாக்டரம்மா. அங்கேதான் வினை தொடங்கியது. பௌதிகம் படித்த ஒருவர் எழுந்து, வடக்கு கூடாது என்ற விதி பூமத்திய ரேகைக்கு மேலே இருப்பவர்களுக்கு உரியது, நாம் கீழே இருக்கிறோம், இங்கே சூரியனே வடக்குப் பக்கமாகப் போகிறது, ஆகவே இங்கே ஆகாத திசை தெற்கு என்றார். இன்னொருவர், சாஸ்திரத்துக்கு விசா கிடையாது, அது எங்கேயும் ஒன்றுதான் என்றார். அப்படியென்றால் இத்தனை வருஷமாக எங்கள் வீட்டில் கட்டிலைப் போட்டிருப்பது சரியா தவறா என்று மூன்றாமவர் நிஜமாகவே கலங்கிப்போனார். பதற்றம் தணிக்க வந்த கூட்டம் பதற்றத்தின் உச்சியில் நின்றது. கடைசியில் டாக்டரம்மா போனில் திசைகாட்டியைத் திறந்து, ஒவ்வொரு பேப்பரையும் தானே இழுத்து மூலைவாக்கில் போட்டார். எந்த சாஸ்திரமும் எந்த பௌதிகமும் கேள்வி கேட்க முடியாத ஒரு கோணத்தில், காற்றடித்துச் சாய்ந்த பயிர் மாதிரி, நாங்கள் படுத்தோம்.

என்னை வரையும் பங்கு பஸ் அக்காவுக்கு வந்தது. அப்போதுதான் இரண்டு பேருக்கும் அடுத்த சிக்கல் உறைத்தது. க்ரேயானை உடம்போடு ஒட்டி ஓட்டினால்தான் கோடு சரியாக வரும். அந்நிய ஆண்பிள்ளையின் இடுப்பையும் தொடையையும் ஒரு யாழ்ப்பாணத்துப் பெண் எப்படி ஒட்டி வரைவது? நான் கண்ணை மூடிக்கொண்டு கூரையைப் பார்ப்பதுபோலப் படுத்திருந்தேன். அவர் "அண்ணை, அசையாதேங்கோ" என்று சொல்லிவிட்டு, முழங்காலில் நின்று, ஒரு கையகலம் தள்ளியே என்னைச் சுற்றி வந்தார். கோடு எங்கேயும் நடுங்கவில்லை, எங்கேயும் என்னைத் தொடவில்லை. நிறுத்தத்தில் நிற்கும் சனங்களின்மேல் உரசாமல் பஸ்ஸை ஓரங்கட்டும் அதே நிதானம். நான் அவரை வரைந்தபோது மரியாதை இன்னும் கூடி, ஆஸ்திரேலியா மாதிரி ஒரு கண்டம் வந்தது. "இது ஆர்?" என்று கேட்டுவிட்டு அவர் அதில் வலது பாதத்தை மட்டும் கருப்பாக அடித்து நிரப்பினார். நான் என் நெஞ்சுப் பகுதியைச் சாம்பல் நிறத்தில் கட்டம் கட்டமாகப் போட்டேன். முப்பது வருஷம் கணினியின்முன் உட்கார்ந்தவனுக்குப் பயம்கூட அட்டவணையாகத்தான் வருகிறது. டாக்டரம்மா வந்து பார்த்தார். கட்டங்களை ஒன்றும் கேட்கவில்லை. கோட்டுக்கும் நான் கிடந்த தடத்துக்கும் நடுவே இருந்த வெற்றிடத்தைக் காட்டி, "இங்க என்னா இருக்கு அங்கிள்?" என்றார்.

"மரியாதை" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள்.

"சரி, அதுக்குக் கலர் அடிக்காதீங்க. அப்படியே வச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டு அடுத்தவரிடம் போய்விட்டார்.

அன்று தேநீர் வேளையில் பஸ் அக்காவிடம் பாலத்தைப்பற்றிச் சொன்னேன். தினமும் அதன்மேல் போய்வந்துகொண்டிருந்தவரிடம் அதைச் சொல்வது, மீனிடம் தண்ணீர் பயமென்று சொல்வதுபோலத்தான். அவர் சிரிக்கவில்லை. "அண்ணை, நீங்கள் கோட்டைப் பாக்கிறியள். நான் இடத்தைப் பாக்கிறன். லேன் எப்பவும் வாகனத்தைவிட அகலந்தானே? ரெண்டு பக்கமும் இடம் கிடக்கு. பஸ்ஸுக்கே கிடக்கு, உங்கட சின்னக் காருக்குக் கிடக்காதோ?" என்றார். பிறகு தன் கருப்புப் பாதத்தின் கதையைச் சொன்னார். சின்ன வயதில், ஊரைவிட்டுக் கிளம்பவேண்டி வந்த ஒரு நாளில், ட்ராக்டர் பெட்டியில் சட்டி பானைகளுக்கு நடுவே, தார்ப்பாயால் மூடி அவரைக் கொண்டுபோயிருக்கிறார்கள். எங்கே போகிறோம், என்ன வருகிறது, ஒன்றும் தெரியாது. ஒவ்வொரு தடவை வண்டி நின்றபோதும் ஏன் நின்றது என்று தெரியாது. அதற்குப் பிறகு வேறொருவர் ஓட்டும் வண்டியில் உட்காரவே அவரால் முடியவில்லை. இந்த நாட்டுக்கு விமானத்தில் வந்ததை இன்னும் கனவில் கண்டு விழிக்கிறார். "றோட்டு எனக்குத் தெரியவேணும். பிறேக் என்ர காலுக்குக் கீழ இருக்கவேணும். அதுதான் பஸ் ஓட வந்தனான்" என்றார். டொரொண்டோவில் மகனுக்குக் கல்யாணம் பேசியிருந்தார்கள். அத்தனை மணி நேரம் ஒரு பைலட்டை நம்பி உட்கார அவருக்கு ஏலாது. அதனால்தான் மஞ்சள் சட்டையோடு வந்தது.

சொல்லிவிட்டு பிஸ்கட்டைத் தேநீரில் முக்கினார். "அண்ணை, உங்களுக்குப் பாலம். எனக்குப் பக்கத்துச் சீட்டு. ரெண்டு விசர்ப் பைத்தியமும் ஒரு கார்ல போனால் என்ன?"

டாக்டரம்மா உடனே தலையாட்டிவிடவில்லை. கூடத்திலேயே ஒத்திகை வைத்தார். இரண்டு நாற்காலி கார், சமையலறையிலிருந்து எடுத்த பெரிய மூடி ஸ்டியரிங், என் மனைவியின் நீலப் புடவை கடல். மற்றவர்கள் புடவையைப் பிடித்து அலையடித்தார்கள். பௌதிகக்காரர் தேவைக்கு மேல் புயல் வீசினார். மூச்சு முட்டினால் சொல்லவேண்டிய சொல், பாலத்துக்குமுன் விலகிவிடக் கடைசி வழி, கடந்தபின் நிறுத்தவேண்டிய இடம் எல்லாம் பேசிவைத்தோம். உடம்பு நடுங்கினால் நடுங்க விடுங்கள், அடக்காதீர்கள் என்றார். ஞாயிற்றுக்கிழமை காலை, ட்ராஃபிக் இல்லாத நேரம். பின்சீட்டில் என் மனைவி. முறைக்கு முறையும் ஆயிற்று, முறுக்குக்கு முறுக்கும் ஆயிற்று. அவள் ஒரு டப்பா கொண்டுவந்தாள்.

உலகத்திலேயே மோசமான கார்ப் பயணங்களுக்குப் பரிசு தருவதாக இருந்தால் எங்களுக்குத் தரலாம். படகுகளின் பாய்மரக் கம்பங்கள் வலது பக்கம் தெரிந்ததுமே நான் ம்ம்ம் என்று முனக ஆரம்பித்தேன். பக்கத்துச் சீட்டில் அக்கா இரண்டு கைகளாலும் சீட்டின் ஓரத்தைப் பற்றிக்கொண்டு வேறொரு சுருதியில் முனகினார். அவருடைய வலது கால் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தது. அன்று அந்தக் காலுக்குக் கீழே நிஜமாக ஒரு பிரேக் இருந்திருந்தால் நாங்கள் இன்னும் அந்த ஏற்றத்திலேயே நின்றிருப்போம். "என்ன ரெண்டு பேரும் வண்டு புகுந்த மாதிரி" என்றாள் என் மனைவி, முறுக்கைக் கடித்தபடி. உச்சிக்கு வந்தோம். கைகள் மரத்தன. அம்மி வந்து நெஞ்சில் உட்கார்ந்தது. "இடத்தைப் பாருங்கோ அண்ணை, இடத்தைப் பாருங்கோ" என்று அக்கா கண்ணை இறுக மூடிக்கொண்டு சொன்னார். இடம் இருந்தது. இரண்டு பக்கமும், ஒரு கையகலத்துக்கும் மேலேயே. "கடல் எவ்வளவு அழகா இருக்கு! இத்தனை மாசமா சுத்தி வளைச்சுக் கூட்டிக்கிட்டுப் போனீங்களே" என்ற குரல் பின்னாலிருந்து வந்தது. மறுகரையில் ஒரு பெட்ரோல் பங்கில் வண்டியை நிறுத்தினோம். இரண்டு பேரும் இறங்கி, காரின்மேல் சாய்ந்து, சொல்லிவைத்தாற்போல உதறி உதறி நடுங்கினோம். காற்றடிக்க வந்த ஒரு மனிதர் உதவி ஏதும் வேண்டுமா என்று கவலையோடு கேட்டார். அக்கா பல்லெல்லாம் தந்தியடிக்க, "நோ நோ, வீ ஆர் வெரி குட்" என்றார்.

அதற்கப்புறம்தான் எங்கள் திட்டத்தில் ஒரு ஓட்டை இருந்தது தெரிந்தது. அத்தனை ஒத்திகையிலும் யாரும் திரும்பி வருவதைப்பற்றிப் பேசவில்லை. மேற்கே சுற்றிப் போய்விடலாமே, ட்ராஃபிக் குறைவு என்று நான் மெல்ல ஆரம்பித்தேன். என் மனைவி டப்பாவை மூடிய சத்தத்தில் நான் நிறுத்திக்கொண்டேன். மறுபடி ஏறினோம். ஏற்றத்தின் பாதியில், பக்கத்திலிருந்து முனகல் வரவில்லை. ஓரக்கண்ணால் பார்த்தேன். அக்காவின் தலை கண்ணாடிப் பக்கம் சாய்ந்திருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. வலது கால், அந்தக் கருப்புக் கால், சும்மா கிடந்தது. தூங்கிவிட்டார். முந்தின நாள் இரவு ஷிஃப்ட், இத்தனை வருஷத்து விழிப்பு, நடுங்கித் தீர்ந்த உடம்பு எல்லாம் சேர்ந்து, நான் ஓட்டும் காரில், பாலத்தின் ஏற்றத்தில், அவரைத் தூங்கவைத்துவிட்டன. என் மனைவி என் தோளில் ஒரு விரலால் தட்டி, "மெதுவா" என்று காதருகே சொன்னாள். நான் மெதுவாகப் போனேன். பாலத்தின் இணைப்புகளில் டயர் தடக்கென்று ஏறாமல் பார்த்துக்கொண்டேன். முன்னால் போன வேன் பிரேக் போட்டபோது, அவர் தலை ஆடிவிடக் கூடாதே என்று எவ்வளவோ முன்பாகவே வேகத்தைக் குறைத்தேன். இந்தக் கவலையில் உச்சி எப்போது வந்தது, எப்போது போனது என்று எனக்குத் தெரியவில்லை. நகரத்துக் கட்டிடங்கள் எதிரே வந்தபோதுதான், அம்மி வரவே இல்லை என்பது உறைத்தது. நான் வெளிப்பக்க லேனில் வந்திருந்தேன் என்பதும்.

அதன் பிறகு என் பயம் ஓடியே போய்விட்டது என்று சொல்லமாட்டேன். அது இப்போதும் வரும், தூரத்து உறவினர் மாதிரி. வந்தால் உட்காரச் சொல்வேன், தங்கச் சொல்வதில்லை. மகளுக்கு வலி கண்ட நாள் நல்ல மழை. மாப்பிள்ளை வெலிங்டனில். பாலத்தின்மேல் காற்று அதிகம், வேகத்தைக் குறைக்கவும் என்று மின்பலகையில் எழுத்து ஒளிர்ந்தது. நான் ஏற்கெனவே குறைத்துத்தான் போய்க்கொண்டிருந்தேன். பின்சீட்டில் மகள் அம்மாவின் கையைக் கசக்கிக்கொண்டிருந்தாள். நான் இடத்தைப் பார்த்தேன், ஒவ்வொரு இணைப்பையும் பூப்போல ஏறினேன், ம்ம்ம் என்று முனகினேன். "அப்பா, ஸ்டாப் ஹம்மிங்!" என்று ஒரு அலறல் வந்தது. பாலத்தின்மேல் எனக்குக் கிடைத்த கடைசிக் கண்டனம் அது. அன்று சாயங்காலம் பேத்தி பிறந்தாள்.

பஸ் அக்கா மகன் கல்யாணத்துக்குப் போனார். டொரொண்டோ போய் இறங்கியதும் ஒரு குரல்செய்தி வந்தது. பின்னணியில் பெட்டிகள் உருளும் சத்தம். "அண்ணை, வந்து சேந்திட்டன். சன்னல் சீட்டு இல்லை, நடுச் சீட்டு. ரெண்டு பக்கமும் குண்டு மனுசர், ஒரு கையகலம்கூட இடம் இல்லை. பக்கத்தில இருந்த வெள்ளைக்காரன், நான் முனகிறதைக் கேட்டு, தானும் முனகத் தொடங்கிற்றான்." திரும்பி வருவதாகத்தான் போனார். மருமகள் வேலைக்குப் போகிறவள், பிறகு அவளுக்கும் ஒரு குழந்தை, அங்கேயே தங்கிவிட்டார். இப்போது எங்கே போனாலும் மருமகள்தான் ஓட்டுகிறாளாம். பனியில் அவள் ஓட்டும் லட்சணத்தைப்பற்றி அக்கா நீண்ட குரல்செய்திகள் அனுப்புகிறார். ஆனால் அவற்றை எல்லாம் அவர் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்துகொண்டுதான் பேசுகிறார். இண்டிகேட்டர் சத்தம் கேட்கும், மருமகளின் "மாமி, ஐ கேன் ஹியர் யூ" என்ற குரலும் கேட்கும். கூடல் இன்னும் நடக்கிறது. வாசலில் மட்டைகள் கூடியிருப்பதாகக் கேள்வி.

போன ஞாயிற்றுக்கிழமை, வெளியே மழை பெய்துகொண்டிருந்தபோது, பேத்தி கராஜில் எதையோ துழாவி அந்தச் சுருளைக் கண்டுபிடித்துவிட்டாள். ஹாலில் விரித்தோம். மூலைகளில் என் புத்தகங்களைப் பாரமாக வைத்தோம். அவற்றுக்கும் ஒரு உபயோகம். பச்சைக் கோட்டைச் சுற்றி நடந்து பார்த்துவிட்டு, "தாத்தா, இஸ் திஸ் எ ஜயன்ட்?" என்றாள். நான்தான் என்றேன். நம்பவில்லை. நிரூபிக்கவேண்டி வந்தது. முட்டியைப் பிடித்துக்கொண்டு, முனகிக்கொண்டு (இது வேறு முனகல்), பழைய கோட்டுக்குள் மல்லாந்து படுத்தேன். ஆண்டுகள் தம் வேலையைச் செய்திருந்தன. வயிற்றுப் பக்கம் கோடு கிட்டத்தட்டச் சட்டையைத் தொட்டது. பஸ் அக்கா மரியாதைக்காக விட்ட இடைவெளியில் அந்தப் பகுதியை நான் சாப்பிட்டே தீர்த்துவிட்டேன். ஆனால் தோள் பக்கமும் கைக்கும் விலாவுக்கும் நடுவிலும் அது அப்படியே, வண்ணம் படாமல், பிரவுனாக இருந்தது. அதைத்தான் பேத்தி பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, "மூவ் யுவர் ஆர்ம், தாத்தா" என்று சொல்லி, என் கையைக் கோடுவரை தள்ளி வைத்துவிட்டு, அந்த இடத்தில் தானும் படுத்துக்கொண்டாள். கோட்டைத் தாண்டவில்லை. சரியாக இருந்தது.

சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்த என் மனைவி, "ஐயோ, வடக்க தலைய வச்சுப் படுத்திருக்கீங்க, கொழந்தைய வேற சேத்துக்கிட்டு" என்றாள்.

பேத்தி தூங்கியிருந்தாள். நான் அசையவில்லை.